நடுவில் வைத்த ஒன்பது பெட்டிகள்

காலை ஏழு மணிக்கே லாரி வந்துவிட்டது. டிரைவர் லாரியில் பொருத்தியிருந்த இரண்டு இரும்புக் கைகளால் கண்டெய்னரைத் தூக்கி, வீட்டு வாசலில் சாலையோரமாக இறக்கி வைத்தார். மூன்று மணிக்கு வருவேன், அதற்குள் ஏற்றி முடித்திருக்க வேண்டும், பிந்தினால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். இருபதடி நீளம். பக்கவாட்டில் துரு, கதவில் யாரோ ஆணியால் கீறிய கோடுகள். தம்பி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, இவ்வளவுதானா என்றான். ஒரு பீரோவை ஒழுங்காக அடுக்கத் தெரியாதவர்கள்தான் இருபதடியை இவ்வளவுதானா என்று கேட்பார்கள் என்பது அக்காவின் எண்ணம்.

அப்படி எண்ண அவளுக்கு உரிமை இருந்தது. கண்ணாடிப் பாத்திரத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். கடைசிப் பதினான்கு வருடமும் கண்டெய்னர் ஏற்றுவது அவள் பொறுப்பு. பிரிவில் அவளுக்கு ‘இண்டு இடுக்கு’ என்று பட்டப்பெயர், முதுகுக்குப் பின்னால்தான். இண்டு இடுக்கு விடாதே, இண்டு இடுக்கு விடாதே என்று நாள் முழுக்கத் தொண்டை வறளக் கத்துகிறவளுக்கு வேறென்ன பெயர் கிடைக்கும்? சரக்கு கனத்தால் உடைவதில்லை, நகர இடம் கிடைத்தால்தான் உடைகிறது என்பது அவள் கட்சி. இதில் அவளோடு வாதாடி ஜெயித்த மேனேஜர் யாரும் கிடையாது.

ஒரு சாமானும் ஏறுவதற்கு முன்னால் அவள் உள்ளே போய் நின்றுகொண்டு, கதவைச் சாத்து என்றாள். தம்பி தயங்கினான்.

"சாத்துடா. நான் என்ன கரைஞ்சா போயிடுவேன்?"

சாத்தினான். கும்மிருட்டு. முன்பு ஏற்றிய ஏதோ சரக்கின் காட்டமான வாசனை. அவள் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிக் கூரையையும் மூலைகளையும் பார்த்தாள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அது வழியாகத் தண்ணீர் வரும், ஐந்து வாரக் கடல் பயணத்தில் மெத்தையெல்லாம் பூசணம் பிடித்துவிடும். வெளிச்சம் எங்கும் இல்லை. உள்ளிருந்து தட்டினாள், அவன் திறந்தான். வேலை தொடங்கியது.

தம்பிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து எட்டு மாதம் ஆகிறது. பள்ளிக்கூடம் திறக்கிறது என்று அவன் மனைவியும் ஒன்பது வயது மகளும் ஆறு வாரத்துக்கு முன்பே போய்விட்டார்கள். சாமான்களை அனுப்பிவிட்டு வரும் வியாழக்கிழமை அவன் விமானம் ஏறுகிறான். அக்கா அவனுக்குக் கல்யாணமாவதற்கு முன்பிருந்தே அவனோடு இருப்பவள். அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நாமும் விட்டுவிடுவோம். தம்பி மகள் பிறந்த நாளிலிருந்து அத்தை அறையில்தான் தூங்கினாள்.

அக்காவையும் கூட்டிக்கொண்டு போவதாகத்தான் பேச்சு. ஆனால் அவளுக்கான விசா பேப்பர் தனியாக வர வேண்டும் என்றார்கள். அந்தப் பேப்பர் ஒன்றுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. வாரம் ஒருமுறை கேட்பாள். "வந்துடும்க்கா, கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான்" என்பான் தம்பி, பிடி கொடுக்காமல். அதை நம்பித்தான் இரண்டு மாதத்துக்கு முன்னால் வேலையை விட்டாள். அவள் இடத்தில் வேறொருத்தி வந்துவிட்டாள். வீட்டையும் மாதக் கடைசியில், இன்னும் பதினோரு நாளில், சொந்தக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். பேப்பர் வராவிட்டால் அவளுக்கு இங்கே வேலையும் இல்லை, வீடும் இல்லை. வராமல் எப்படிப் போகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, வேலையை விட்ட மறுநாளே பேக்கிங்கில் இறங்கினாள்.

ஆள் வைத்துப் பேக் செய்யலாமே என்று தம்பி ஒரு பேச்சுக்குக் கேட்டான். ஆள் வைத்தா? இந்த வீட்டிலா? அவள் அன்று முழுவதும் அவனோடு பேசவில்லை. ஒவ்வொரு தட்டையும் காகிதத்தில் சுற்றி, படுக்கவைக்காமல் நிமிர்த்தி அடுக்கினாள். போகிற நாட்டில் ஒரு சிட்டிகை மண்ணைக்கூட உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்ததும், சைக்கிள் டயரின் பள்ளங்களைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தாள். மண்வெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மண்வெட்டியைக் கழுவுகிறவளை இன்றுதான் பார்க்கிறேன் என்றார் பக்கத்து வீட்டு பஸ் டிரைவர். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். பெட்டியின் மேல் நம்பர். பட்டியலில் நம்பருக்கு நேராக உள்ளே என்ன இருக்கிறது, அங்கே போய் எந்த அறையில் வைக்க வேண்டும் என்று இரண்டு பத்தி. அந்த வீட்டு அறைகளின் பெயரைத் தம்பி மனைவி எழுதி அனுப்பியிருந்தாள். சமையலறை, ஹால், எங்கள் ரூம், பாப்பா ரூம், ஆபீஸ் ரூம்.

நூற்று மூன்று பெட்டிகளுக்கு அறை எழுதியாகிவிட்டது. அவளுடைய ஒன்பது பெட்டிகளுக்கு மட்டும் அந்த இடம் காலியாக இருந்தது. பாப்பா ரூமாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நாமாக எழுதிக்கொண்டால் நன்றாயிருக்காது, அவர்கள் வாயால் சொல்லட்டும் என்று விட்டிருந்தாள்.

ஏற்றும்போது பஸ் டிரைவர் கைகொடுத்தார். அன்று அவருக்கு மதியத்துக்கு மேல்தான் டியூட்டி. கனமானவை முதலில், உள்கோடியில். இடது பக்கம் கண்ணாடி பதித்த பெரிய மர அலமாரி, வலது பக்கம் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும். ஒரு பக்கம் மட்டும் கனத்தால் லாரியில் தூக்கும்போதே சாயும் என்று அக்கா இரண்டு பக்கத்துக்கும் தராசு பிடிக்காத குறையாக ஏற்றினாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து மிஞ்சியது. அதற்குள் தன் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்பதும் தொழிற்சாலை அட்டைப்பெட்டிகள், ஒரே அளவு. கீழிருந்து மேலாக மூன்று மூன்றாக அடுக்கியதும் சந்து அடைந்துவிட்டது. விரல் நுழைய இடமில்லை. துணிமணி, போர்வை, தையல் மெஷினின் தலை, பாப்பா மூன்று வயதிலிருந்து கிறுக்கித் தள்ளிய படங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துக் கயிறு போட்டு, சுவரில் இருந்த இரும்பு வளையங்களில் இழுத்துக் கட்டினாள்.

"வீடு காலி பண்றீங்களா, சுவர் கட்டுறீங்களா?" என்றார் பஸ் டிரைவர்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. தன் பெட்டிகள்தான் இந்த வீட்டு அலமாரியையும் பிரிட்ஜையும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மணிக்கு முக்கால் கண்டெய்னர் நிறைந்துவிட்டது. பஸ் டிரைவர் டியூட்டிக்குக் கிளம்பினார். தம்பி சாப்பாடும் டேப்பும் வாங்கக் கடைக்குப் போனான். நாற்காலிகள், சைக்கிள், பாப்பாவின் கட்டில் சட்டம், சின்ன மெத்தை, இருபது முப்பது பெட்டிகள்தான் பாக்கி. பட்டியலை முடித்துவிடலாம் என்று கண்டெய்னர் விளிம்பில் உட்கார்ந்து தம்பி மனைவிக்குப் போன் செய்தாள்.

அவள் உடனே எடுத்தாள். சாப்பிட்டீர்களா, ஏற்றியாயிற்றா என்று விசாரித்தாள். பாப்பா குளித்துக்கொண்டிருக்கிறாள் என்றாள். அக்கா விஷயத்துக்கு வந்தாள்.

"எல்லாத்துக்கும் ரூம் எழுதிட்டேம்மா. என் பெட்டி ஒன்பதுக்குத்தான் எழுதலை. பாப்பா ரூம்னே போட்டுடவா?"

லைன் போய்விட்டதோ என்று அக்கா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை.

"அக்கா," என்றாள் அவள், குரல் இறங்கி, "அவர் இன்னும் உங்ககிட்ட சொல்லலையா?"

அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. இருந்தும் அக்கா கேட்டாள், அவள் சொன்னாள். மனைவியையும் பிள்ளையையும்தான் குடும்பம் என்று எடுத்துக்கொள்வார்களாம், கூடப்பிறந்தவர்கள் அதில் சேர்த்தி இல்லையாம். தம்பி இரண்டு முறை எழுதிப் பார்த்தானாம், முடியாது என்று பதில் வந்துவிட்டதாம். வந்த அன்றே உங்களிடம் சொல்லிவிட்டதாகத்தான் என்னிடம் சொன்னார், அக்கா தைரியமாக எடுத்துக்கொண்டாள் என்றார் என்று சொல்லிவிட்டு அவள் அழத் தொடங்கினாள். அக்கா அவளை அழாதே என்று தேற்ற வேண்டியதாயிற்று. பாப்பா கேட்டால் அத்தை வேலையாக இருக்கிறாள் என்று சொல்லச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

வைத்த பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்து மூன்று வயதில், நடுரோட்டில், மடியில் ஒரு பட்டியலோடு இப்படி உட்கார்ந்திருக்கிறோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ நின்று பார்த்தார்கள். அவள் பேனாவை எடுத்து, எழுதுவதுபோல் பட்டியலில் கண்ணை வைத்துக்கொண்டாள்.

தம்பி இரண்டு கையிலும் பொட்டலங்களோடு வந்தான்.

"எப்போ தெரியும் உனக்கு?" என்றாள்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. என்ன தெரியும், எதைக் கேட்கிறாய் என்றெல்லாம் கேட்கவில்லை. பொட்டலங்களைக் கீழே வைத்தான்.

"நாலு மாசம்."

"நான் வேலையை விட்டு ரெண்டு மாசம்தானே ஆச்சு?"

"ஆமா."

"வேலை இடத்துல எனக்கு வச்ச வழியனுப்புற கூட்டத்துக்கு வந்து, என் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டியேடா."

இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டானாம். அவள் பெட்டி பெட்டியாகக் கட்டுவதைப் பார்க்கப் பார்க்க வாய் வரவில்லையாம். மூன்றாவது முறையும் எழுதலாம், எப்படியாவது கிடைத்துவிடும் என்று இருந்துவிட்டானாம். மருந்துக்கடைக்கு மேலே ஒரு ரூம் பார்த்து வைத்திருக்கிறான், நல்ல காற்றோட்டம், அவள் பெயரில் பேசியாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். அவன் பொய் சொல்லவில்லை என்று அக்காவுக்குத் தெரிந்தது. முன்பே சொல்லியிருந்தால் இந்த நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளை யார் கட்டியிருப்பார்கள் என்ற கணக்கும் அவனுக்குள் எங்கேயோ இருந்தது என்பதும் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து அவனைப் பார்க்கிறவள். எது வலித்தாலும் கடைசியில்தான் சொல்வான். அதற்குள் வேண்டியதை வாங்கிக்கொண்டிருப்பான்.

அவள் எழுந்தாள்.

"என் பெட்டியை எடுக்கணும்."

"இப்பவா?" தம்பி கண்டெய்னருக்குள் எட்டிப் பார்த்தான். "அது நடுவுல இருக்கேக்கா. அதை எடுத்தா இடம் விழுந்துடும், எல்லாம் ஆட ஆரம்பிச்சிடும்னு நீதானே சொல்லுவே? அது உள்ளேயே இருக்கட்டும்க்கா. அங்கே போனதும் நான் பத்திரமா எடுத்து வைக்கறேன். யாராவது வரும்போது ஒண்ணொண்ணா குடுத்து அனுப்பறேன்."

அதுவரை அவளுக்கு அழுகைதான் முட்டிக்கொண்டிருந்தது. இதைக் கேட்டதும் அழுகை நின்றுவிட்டது. அவள் வர வேண்டாம், அவள் பெட்டிகள் மட்டும் வர வேண்டும். அலமாரிக்கு முட்டுக்கொடுக்க அவள் துணிமணி வேண்டும். இதைச் சொல்கிறோம் என்று தெரியாமலே சொல்லிவிட்டு நிற்கிறானே என்று அவளுக்கு அவனை அறைய வேண்டும்போல் வந்தது. அறையவில்லை. அவன் உதவிக்கு வந்தபோது கையால் தடுத்தாள்.

முன்வரிசைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். சாப்பாட்டு மேஜைப் பலகையை நகர்த்திச் சாய்த்தாள். பெரிய மெத்தையை உருட்டி ஓரமாகத் தள்ளினாள். கயிற்றை அவிழ்த்தாள். தன் பெட்டிகளை ஒன்பது நடையில் வெளியே கொண்டுவந்து நடைபாதையில் வைத்தாள். வெயிலில் மூச்சிரைத்தது, முதுகு விண்விண் என்று தெறித்தது. தம்பி கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நின்றான். மணி இரண்டேகால் ஆகிவிட்டது.

"அந்த இடத்துல என்ன வைக்கிறது?" என்றான்.

"நான் பார்த்துக்கறேன். நீ பட்டியல்ல அந்த ஒன்பது வரியை அடி."

அவன் நிம்மதியாகப் போய் அடிக்கத் தொடங்கினான். அக்கா பார்த்துக்கொள்கிறேன் என்றால் அதற்கு மேல் அவன் யோசித்ததே கிடையாது, பிறந்ததிலிருந்து.

அவள் உள்ளே போய் அந்தச் சந்தின் முன் நின்றாள். ஒரு ஆள் நிற்கும் அகலம். இந்தப் பக்கம் அலமாரி, அந்தப் பக்கம் பிரிட்ஜ், நடுவில் ஒன்றுமில்லை. வீட்டு வாசலில் குப்பைக்கு ஒதுக்கிய பழைய தலையணைகளும் கிழிந்த பஞ்சு மெத்தையும் கிடந்தன. அவற்றை அடைத்து, கயிற்றை வளையத்தில் கோத்து இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினால் போதும். பத்து நிமிட வேலை. கயிறு கையிலேயே இருந்தது. அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்கு மனப்பாடம். கப்பல் முதல் பெரிய அலையில் உருளும். அலமாரி ஒரு விரல் நகரும், அடுத்த அலையில் ஒரு முழம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அது சந்துக்குள் கவிழும், பிரிட்ஜ் அதன்மேல் சாயும். பிறகு ஐந்து வாரமும் உள்ளே இருப்பதெல்லாம் ஒன்றை ஒன்று இடித்து நொறுக்கிக்கொண்டே போகும். அவள் நிமிர்த்தி நிமிர்த்தி அடுக்கிய தட்டுகள் உட்பட.

அவள் கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டாள். மெத்தையைப் பழையபடி நிறுத்திச் சந்தை மறைத்தாள். மேஜைப் பலகையை அதன்மேல் சாய்த்தாள்.

மீதியை வழக்கம்போல் ஏற்றினாள். பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. தம்பி எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, நாற்காலிகளைக் கால்மாற்றிச் செருகி, சைக்கிளைப் போர்வையில் சுற்றி, பாப்பாவின் கட்டில் சட்டத்தைச் சுவரோரமாக நிறுத்தி, கதவு வரைக்கும் எள் விழ இடமில்லாமல் அடைத்தாள். முப்பத்தொரு வருடத்தில் தெரிந்தே அவள் விட்ட முதல் இடைவெளி இது. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். வாய்தான் கசந்தது.

மூன்று மணிக்கு லாரிக்காரர் வந்தார். கதவைச் சாத்திக் கம்பிகளை இறக்கி, விரல் தடிமன் இரும்பு சீல் ஒன்றைத் துளையில் செருகி அழுத்தினார். டக்கென்று பூட்டிக்கொண்டது. இனி வெட்டித்தான் திறக்க முடியும் என்றார். தம்பி நம்பரைப் பார்த்துப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். கண்டெய்னரைத் தூக்கி லாரியில் வைத்ததும், நல்லா ஏத்தியிருக்கீங்க, தூக்கும்போது கொஞ்சம்கூடச் சாயலை என்று லாரிக்காரர் அக்காவைப் பார்த்துச் சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

லாரி தெருமுனையில் திரும்பி மறைந்தது. கண்டெய்னர் நின்றிருந்த இடம் திடீரென்று ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. நடைபாதையில் ஒன்பது பெட்டிகளும், பிரிக்காத இரண்டு சாப்பாட்டுப் பொட்டலங்களும் கிடந்தன. தம்பி ஒரு பெட்டியை எடுக்கக் குனிந்து, எடுக்காமல் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது.

"உனக்கு என் மேல கோபம் இல்லையேக்கா?"

அக்கா அவனைப் பார்த்தாள். முன்தலையில் முடி கொட்டத் தொடங்கியிருந்தது. அவள் தூக்கி வளர்த்த தலை. அவளிடம் வேறொரு பதில் இருந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அங்கே போய் கண்டெய்னர் வந்ததும், நீ நேரா நின்னு கதவைத் திறக்காதே."

"ஏன்?"

"சொன்னதைக் கேளு. வலது கதவைத்தான் முதல்ல திறக்கணும். ஒரு சாண் திறந்து நிறுத்து. நீ கதவுக்குப் பின்னால நில்லு, முன்னால நிக்காதே. திறக்க வர்ற ஆளுக்கும் இதைச் சொல்லிடு. உள்ள எது எப்படிச் சாஞ்சு கிடக்கும்னு சொல்ல முடியாது."

"நீ ஏத்தினது சாயுமாக்கா?" என்று அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தான்.

"பாப்பா அத்தை கட்டின பெட்டி வந்துடுச்சுன்னு ஓடி வருவா. அவளை வீட்டுக்குள்ள விட்டுக் கதவைப் பூட்டிட்டு அப்புறம் திற." அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "திருப்பிச் சொல்லு."

"சரிக்கா, புரிஞ்சுது."

"திருப்பிச் சொல்லுடா."

நடுத்தெருவில் நின்று அவன் சொன்னான். வலது கதவு, ஒரு சாண், கதவுக்குப் பின்னால், பாப்பா வீட்டுக்குள்ளே. அவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.